ஏதண்டயில் ஹீல்ஸ் செருப்பு

ஸ்டோரிபோர்ட் என்றால் என்னவென்றே தெரியாமல், வரும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஒன்று செய்து தருகிறேன் என்று கொழும்புக்குத் தொலைபேசியில் வாக்குக் கொடுத்தவன் நான். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பக்குவம் அந்த வயதில் ஒருவனுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது தொப்பை மட்டும்தான்.

ருவான்வெல்லை கடைவீதியில் எனக்கு ஒரு சின்ன வீடியோக் கடை இருந்தது. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். திரும்பி வந்து கணினியில் வெட்டி ஒட்டி, மாப்பிள்ளை பெண்ணின் தலையைச் சுற்றி இதயங்களைப் பறக்கவிட்டுக் கொடுப்பேன். பிறந்து வளர்ந்தது மூன்று மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். கடை வந்த பிறகும் குடியிருப்பு அங்கேதான்.

எங்கள் தோட்டத்துக்கும் ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்கும் நடுவே ஓர் ஓயா, சிற்றாறு, ஓடுகிறது. அதன் குறுக்கே ஒற்றைத் தென்னை மரத்தைப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். சிங்களத்தில் அதற்கு ஏதண்ட என்று பெயர். எங்கள் ஆட்களும் அப்படியேதான் சொல்வார்கள். விடியலில் மரங்களின் பட்டையைக் கீறி வெட்டி, வெயில் ஏறியதும் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறைந்த வாளியோடு பெண்கள் அந்த மரத்தின் மேல் நடந்து ஸ்டோருக்குப் போவார்கள்.

போன மாரியில் காம்பரா என்று நாங்கள் சொல்லும் பக்கத்து அறையில் குடியிருந்த அக்கா அதிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு அவர் ஏதண்டயில் கால் வைக்கவில்லை. ரோட்டு வழியாகச் சுற்றிப் போனார். போய்ச் சேர்வதற்குள் வாளியில் பால் திரளத் தொடங்கிவிடும். திரண்ட பாலோடு தினமும் வந்து நிற்பவரை ஸ்டோரில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அடுத்த மாரிக்குள் பாலம் வராவிட்டால் அவர் பால் வெட்டையே விட வேண்டியதுதான். அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்த ஓர் அமைப்பு, தோட்டங்களுக்குச் சின்னப் பாலங்கள் கட்ட உதவி தேடுவதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் முறை வேடிக்கையானது. தோட்டத்தார் ஓர் ஐந்து நிமிடப் படத்துக்குக் கதை எழுதி அனுப்ப வேண்டும். நல்ல கதையை அவர்களே படமாக எடுத்து, உதவி செய்பவர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். எந்தத் தோட்டத்துக் கதை படமாகிறதோ அந்தத் தோட்டத்துக்குப் பாலம். ஐந்து தோட்டங்கள் கேட்டிருந்தன. அந்த வருடம் ஒரே ஒரு பாலம்தான்.

அக்கா விழுந்த கதையை எழுதி அனுப்பியிருந்தேன். ஒரு மாதம் கழித்து அந்த அலுவலகத்து மிஸ் போன் எடுத்தார்.

"உங்க கதை கமிட்டிக்குப் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு கதைதான் போட்டியில இருக்கு. ஸ்டோரிபோர்ட் ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

"அதுக்கென்ன மிஸ், செஞ்சுடலாம்."

"இருபது, இருபத்தஞ்சு பிரேம் போதும்."

"கண்ணாடி போட்டா, போடாமலா?"

சுவரில் மாட்டும் பிரேம் என்று நான் நினைத்தது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அந்தப் பிள்ளை மிகவும் மரியாதையாக விளக்கினார். படம் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காட்சியையும் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பதாம், சித்திரக்கதை மாதிரி. கேமரா எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு அம்புக்குறி போட வேண்டுமாம். நானோ, பள்ளிக்கூடத்தில் வரைந்த பசுவுக்கு, சாய்வு நாற்காலி நன்றாக வந்திருக்கிறது என்று வாத்தியாரிடம் பாராட்டு வாங்கியவன்.

"வரையத் தெரியலைன்னா பயப்படாதீங்க," என்றார் மிஸ். "ஒரு சாப்ட்வேர் இருக்கு, சிடியில அனுப்புறேன். ஸ்கிரிப்டைக் குடுத்தா அதுவே படம் போடும்."

எழுத்தைக் கொடுத்தால் படம் போடுமாம். இந்தப் பிள்ளை என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சிடி தபாலில் வந்தது. கணினிக்குள் போட்டு, என் கதையைக் கொடுத்தேன். தமிழில் எழுதிய கதை, திரையில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்து நின்றது. என் கதையைப் பற்றி அதற்கு அத்தனை கேள்விகள். ஆங்கிலம் மட்டும்தான் அதற்குப் புரியும் என்று தெரிந்தது. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். என் ஆங்கிலத்தில், பெண் வருகிறாள், பெண் வாளி வைத்திருக்கிறாள், மரம் நிற்கிறது, பெண் விழுகிறாள் என்ற அளவுக்குத்தான் எழுத முடிந்தது. உலகத்தின் முதல் மனிதன் எழுதிய கதை மாதிரி இருந்தது. புதன்கிழமை பின்னேரம் முடிந்தது. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

அடுத்து நடந்ததை நான் இன்றைக்கும் எவரிடமாவது சொல்லும்போது கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்கிறேன், வாய் மட்டும் போதவில்லை. கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. மரம் என்று எழுதியிருந்த இடத்தில் மரம் நின்றது. பெண் வருகிறாள் என்று எழுதியிருந்தேன், ஒருத்தி வந்தாள். அவள் கையில் வாளி இருந்தது. தண்ணீர் என்ற சொல்லுக்குத் தண்ணீர் ஓடியது. நான் எழுதிய அந்தப் பிச்சைக்கார ஆங்கிலத்தை ஒன்று உட்கார்ந்து படித்து, ஒரு சொல்லையும் தள்ளாமல், அத்தனைக்கும் உருவம் கொடுத்துவிட்டது. இருபத்திரண்டு கட்டம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்தால் எழுந்து நிற்போமே, அந்த மாதிரி.

பக்கத்துக் கடையில் சாமான் வாங்க வந்திருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"யாருங்க இந்த நோனா, தொரைசாணியாட்டம்?"

"நம்ம அக்கா."

"அக்காவா? கால்ல ஹீல்ஸ் போட்டிருக்கு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்தச் சாப்ட்வேரிடம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். உள்ளதில் அடக்கமானவளாகப் பார்த்து ஒருத்தியைத் தந்திருந்தது. முட்டிக்கு மேல் கவுன், தோளில் விழும் பொன்முடி, விரல் நீளத்துக்குக் குதி வைத்த செருப்பு. ரப்பர் மரம் என்ற இடத்தில் ஊசியிலை மரம் ஒன்று, பனி மட்டும்தான் பாக்கி.

"இந்தச் செருப்போட ஏதண்டயில ஏறினா விழத்தான் செய்வாங்க," என்றாள் மனைவி. "கதை பொருத்தமாத்தான் இருக்கு."

"அதெல்லாம் மாத்திக்கலாம். மெஷின் எவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கு பாரு."

"செஞ்சிருக்குங்க. நான் இல்லேங்கல. ஆனா அக்காகிட்ட காட்டாம அனுப்பிடாதீங்க. ஒடைஞ்சது அவங்க கை."

முடியைக் கறுப்பாக்கினேன். கவுனைக் கீழே இழுத்துச் சேலை மாதிரி ஏதோ செய்தேன். செருப்பை மட்டும் கழற்ற முடியவில்லை. காலோடு சேர்த்துத்தான் அவளைப் படைத்திருந்தார்கள். மரத்துக்கு இலையை மாற்றி, பால் வடிய வெட்டிய கோட்டைக் கணினி எலியைப் பிடித்து நானே இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே உருப்படியான கோடு அது. அக்கா ஓயாவுக்கு முதுகைக் காட்டி நிற்பதாகப் பட்டதால், படத்தை இடம் வலமாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினேன். உடனே திரும்பினாள். நாங்கள் கல்யாண வீட்டில் ஓர் ஆளைக் கேமராவின் பக்கம் திருப்பப் படும் பாடு எனக்குத்தான் தெரியும். கேமரா நகர்வுக்குச் சிவப்பு அம்புகள் போட்டு, அச்சடித்து, வியாழக்கிழமை மத்தியானம் லயத்துக்கு எடுத்துப் போனேன்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. அதனால் நான் ஒவ்வொரு தாளாகக் காட்டி விளக்கத் தயாராக இருந்தேன். காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில், சீமெந்துத் தரையில், தாள்களை வரிசையாகப் பரப்பினேன். பால் வேலை முடிந்து வந்திருந்த நாலைந்து பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"இதுதானா நான்?" அக்கா குனிந்து பார்த்தார். "பரவால்ல தம்பி. கொஞ்சம் எளைச்சிருக்கேன்."

"செருப்பப் பாருங்கடி," என்றாள் ஒருத்தி. "தொரை வீட்டம்மா மலைக்கு வந்த மாதிரி."

சிரிப்பு அடங்கியதும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது அக்கா, முதல் படத்துல," என்று தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் ஏற்கெனவே மூன்றாவது தாளில் இருந்தார்.

"இந்த மரத்த வெட்டினது யாரு?"

"நான்தான். கோடு எப்படி?"

"இதுல பால் எறங்காது. வெட்டு எடது பக்கம் மேல தொடங்கி வலது பக்கம் கீழ எறங்கணும். நீ தலகீழா வெட்டி வச்சிருக்க. கங்காணி பாத்தா ஒன்னைய மலையிலேருந்து தொரத்திருவாரு."

படத்தைத் திருப்பிய பொத்தான் அக்காவை மட்டும் திருப்பவில்லை, மரத்தையும் வெட்டையும் சேர்த்துத் திருப்பியிருந்தது. லயத்தில் பிறந்த எனக்குத் தெரியவில்லை. எழுத்துத் தெரியாத அக்காவுக்கு, மூன்று அங்குலக் கட்டத்துக்குள் ஒரு கோடு சாய்ந்திருக்கும் பக்கம் தெரிந்தது.

அக்கா தாள்களின் பக்கவாட்டில் மெதுவாக நடந்தார். பதினான்காவது தாளில் ஏதண்டயில் ஏறுகிறாள், பதினைந்தாவதில் விழுகிறாள். அக்கா அந்த இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டார்.

"இங்க காணாமப் போச்சு."

"எது அக்கா?"

"ஏறினதும் விழுந்துட்டேனா? அந்த மரத்துல இருபத்தேழு எட்டு வச்சு நடக்கணும். பன்னெண்டாவது எட்டுலதான் வழுக்கிச்சு. அங்க வரைக்கும் எப்படிப் போனேன்?" சேலையைச் சற்றே தூக்கி, வலது காலை முன்னால் வைத்து, இடது காலை அதன் குதிவரை மட்டும் இழுத்து, தரையில் நடந்து காட்டினார். "மரத்துல கால மாத்தி மாத்தி வைக்க ஏலாது. இப்படித்தான் போகணும். பதினாறு எட்டு வரைக்கும் கீழ கல்லு. அதுக்கப்புறம் தண்ணி. மழைக்குத் தண்ணி மரத்தத் தொட ஒரு மொழம் இருக்கும்."

பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் பேனையால் எழுதிக்கொண்டே இருந்தேன். படம் எடுக்கும் கலையைப் பற்றி எனக்கு யாரும் அதற்கு முன் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு கட்டத்துக்கு நடுவே எது இல்லை என்று பார்ப்பதுதான் அந்தக் கலை என்று, அன்றைக்கு இஸ்தோப்பில் நின்றபடி விளங்கியது.

பிறகு விழும் தாளுக்கு வந்தார். சாப்ட்வேர் கொடுத்த விழும் பெண், இரண்டு கைகளையும் வானத்துக்கு விரித்து, ஏறக்குறைய ஆடிக்கொண்டிருந்தாள். வாளி தனியாகக் காற்றில் பறந்தது.

அக்கா அந்த வாளியின் மேல் விரலை வைத்தார்.

"நான் வாளிய விடல தம்பி."

"விழும்போது கை தானா விட்டுருமே அக்கா."

"விடல. ஒரு கை கம்பியில, ஒரு கையில வாளி. கம்பிய விட்டுட்டு வாளிய ரெண்டு கையாலயும் புடிச்சேன். புடிச்சதாலதான் கை கல்லுல அடிச்சுச்சு. வாளிய விட்டுருந்தா கையொண்ணும் ஒடஞ்சிருக்காது."

"ஏன் விடல?"

"விடத் தோணல," என்றார். "விடியலேருந்து வெட்டுன பால்."

இதை நான் கேட்டதே இல்லை. பக்கத்துக் காம்பரா, ஆஸ்பத்திரிக்கு வேன் பிடித்தவன் நான், கதை எழுதியவனும் நான். மழை, வழுக்கல், வறுமை என்று எல்லாவற்றையும் எழுதினேன், கை எப்படி உடைந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தச் சாப்ட்வேரில் விழுவதற்கு ஆறு விதம் இருந்தது. வாளியைக் கட்டிக்கொண்டு விழுவதற்கு ஒரு விதமும் இல்லை. எனக்கோ பசு வரைந்தால் நாற்காலி வரும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவே உள்ளே போய் வாளியை எடுத்து வந்தார். பாயைத் தரையில் போட்டு, அதில் ஒருக்களித்துச் சாய்ந்து, வாளியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்குக் கொண்டு போறியே, அந்தக் கேமராவ எடு."

முதலில் பெண்கள் சிரித்தார்கள். அக்கா விழுந்தபோது இருந்த மாதிரியே முழங்காலை மடக்கி, இடது மணிக்கட்டை வாளியின் அடியில் கொடுத்து, வாளியின் வாய் சாயாமல் நிமிர்த்திப் பிடித்தார். சிரிப்பு தானாக நின்றது. வாளி வெறும் வாளிதான். ஆனால் அவர் பிடித்திருந்த விதத்தில் அதற்குள் பால் தளும்பியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

கடைக்கு ஓடிப்போய் அந்தப் போட்டோவைக் கட்டத்துக்குள் வைத்தேன். வெட்டைச் சரியான பக்கம் திருப்பி, நடுவில் இரண்டு கட்டம் சேர்த்து, எட்டுக் கணக்கையும் தண்ணீர் உயரத்தையும் அடியில் எழுதினேன். இருபத்தொரு பொம்மைப் படங்கள், நான் இழுத்த ஏதண்டக் கோடுகள் இரண்டு, ஒரே ஒரு உண்மையான மனுஷி.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும்தான் என் பீதி தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. அது யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடி வந்தது, எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது: ஒரு தமிழன், மடியில் ஒரு பாலத்தின் இருபத்துநாலு படங்களோடு கொழும்புக்குப் போகிறான். எத்தனை எட்டு, எவ்வளவு ஆழம் என்ற குறிப்பு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, நானே ரசித்து ரசித்துப் போட்ட சிவப்பு அம்புக்குறிகள்.

இளம் இராணுவச் சிப்பாய் ஒருவர் கோப்பைத் திறந்தார்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டார்.

என் சிங்களத்தைக் கேட்டு, நீங்கள் தமிழா என்று ஆச்சரியப்படாத ஆள் எங்கள் கடைவீதியில் இல்லை. அந்தச் சிங்களம் முழுவதும் அந்த நிமிடத்தில் என்னை விட்டு இறங்கி, பஸ்ஸில் திரும்ப ஏறிக்கொண்டது. "ஏதண்ட," என்றேன். "அக்கா. வாளி." உலகத்தின் முதல் மனிதன் மறுபடி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாள்களைப் புரட்டத் தொடங்கினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஹீல்ஸ் செருப்பில் லேசாகச் சிரித்தார். ஏதண்டயில் ஏறிய தாளில் சிரிப்புப் போய்விட்டது. போட்டோவுக்கு வந்ததும் நிறுத்தி, கை உடைந்ததா என்று கேட்டார். உடைந்தது என்றேன். பால்? கொட்டவில்லை என்றேன். "பவ்," என்றார். பாவம் என்பதைச் சிங்களத்தில் அதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது. இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டுக் காட்டி, தங்கள் ஊரிலும் இப்படி ஒரு மரம் இருக்கிறது, அம்மா நடக்கிற மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல்லும் விளக்கவில்லை. விளக்கும் நிலையில் நான் இல்லை என்பது வேறு விஷயம். மொழி தெரியாத ஒருவரிடம் அந்தத் தாள்கள் தாமாகவே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தன.

தாள்களைக் கோப்பில் வைத்துத் திருப்பித் தந்தார். பத்திரமாகக் கொண்டு போகச் சொன்னார். கொழும்புக் கோட்டையில் இறங்கும்வரை கோப்பை மடியைவிட்டு எடுக்கவில்லை.

அலுவலகத்தில் கோப்பைத் திறந்த மிஸ், முதல் தாளைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். எட்டிப் பார்த்தேன். முதலில் இருந்தது அக்காவின் போட்டோ. சிப்பாய் அதை மேலே வைத்துவிட்டிருந்தார். ஐயோ, வரிசை மாறிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"விழறதுலயே தொடங்கியிருக்கீங்க," என்றார் மிஸ். "நல்ல யோசனை."

"ரொம்ப யோசிச்சுத்தான் மிஸ்," என்றேன்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் எடுத்தார். கமிட்டியில் பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர் இருந்தாராம். தாள்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்து, எட்டுக் கணக்கையும் தண்ணீர் உயரத்தையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாராம். பிறகு, இதற்கு மேல் படம் எதற்கு, பார்க்க வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது, உதவி செய்பவர்களுக்கு இந்தத் தாள்களையே காட்டுங்கள் என்றாராம். காட்டினார்கள். பாலம் எங்களுக்கு.

"அப்போ படம்?" என்று கேட்டேன்.

"படம் எடுக்கலைங்க. தேவைப்படல."

நான் டைரக்டர் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்ததை மிஸ்ஸிடம் சொல்லவில்லை. மனைவி அதைக் கோழிக்குஞ்சு வைக்க எடுத்துக்கொண்டாள்.

மாரிக்கு முன்பே பாலம் எழுந்தது. இரும்புச் சட்டம், பலகைத் தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. முதல் நாள் அக்கா நிறைந்த வாளியோடு ஏறினார். நாங்கள் கரையில் நின்றோம். முதல் சில எட்டுக்குப் பழைய மாதிரி வலது காலை வைத்து இடது காலை இழுத்துத்தான் போனார். பிறகு மறந்துபோய், ரோட்டில் நடக்கிறவரைப் போல, காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கத் தொடங்கினார்.

நடுப் பாலத்தில் அக்கா நின்றுவிட்டார். எதிரே ஸ்டோரிலிருந்து ஒருத்தி வெறும் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒதுங்கப் பார்த்தார்கள். ஒதுங்க இடமில்லை. வாளி கைப்பிடியில் முட்டியது. பாலம் மிகச் சரியாக ஓர் ஆள் அகலத்துக்குக் கட்டப்பட்டிருந்தது.

அக்கா அங்கிருந்தே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒம் படத்துல நான் ஒருத்திதானே போறேன்?"

இருபத்துநாலு கட்டத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆமாம். எதிரே வரும் ஓர் ஆளை நான் ஒரு கட்டத்திலும் எழுதவில்லை. அந்த மெஷினும் நான் எழுதியதைத்தான் போட்டது. பொறியாளரும் தாளில் கண்டதைத்தான் கட்டினார். என் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதாமல் விட்டது எதுவோ, அது இரும்பிலும் இல்லாமல் போயிருந்தது. இதற்கு வெட்கப்படுவதா வியப்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

எதிரே வந்தவள் வெறும் வாளியை ஆட்டிக்கொண்டு, "நீங்க வாங்கக்கா, பால் வச்சிருக்கீங்க," என்று பின்னாலேயே நடந்து அந்தக் கரைக்குப் போய் ஒதுங்கி நின்றாள். அக்கா ஒரு துளி சிந்தாமல் கடந்தார். அன்றிலிருந்து அதுதான் அந்தப் பாலத்தின் சட்டம்: நிறைந்த வாளிக்கு வழி, வெறும் வாளி பின்வாங்க வேண்டும். யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. போன வருடம் மோட்டார் சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டு நடந்து வந்த கணக்கப்பிள்ளைகூட, ஒரு வாளியைக் கண்டு பாதிப் பாலத்திலிருந்து திரும்பிப் போனார்.